செருப்பு விட்ட வாசல்

யோகராணி வழி தவறிய சந்தர்ப்பங்களைப் பற்றி நான் சேகரித்த செய்திகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஸ்டோவ்னர் சம்பவத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஒஸ்லோ நகர மையத்திலிருந்து வீடு இருக்கும் புருசெத்துக்கு வரவேண்டியவர், ரி-பானே என்று இங்கே அழைக்கப்படும் நகர ரயிலில் பாதை மாறி ஏறி, ஸ்டோவ்னரில் இறங்கிவிட்டார் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. அங்கிருந்த கடைத்தொகுதியில் மாலைவரை திகைத்து நின்று அழுதார் என்கிறார் மகள் யதுர்ஷா. அழவில்லை, யன்னல் சீலை வாங்கிக்கொண்டு நின்றார் என்கிறார் கணவர் குலேந்திரன். தெரிந்த ஒருவரைக் கண்டு கோப்பி குடித்ததாகச் சொல்கிறார் யோகராணி. யன்னல் சீலை இன்றும் அவர்கள் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. ஆனால் அது மற்ற இருவரின் கூற்றையும் மறுக்கும் சான்று ஆகாது.

அவர்கள் எங்கள் கட்டடத்தில் இரண்டு மாடி கீழே வசிக்கிறார்கள். யோகராணி யாழ்ப்பாணத்திலிருந்து மணப்பெண்ணாக வந்தவர். முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளராக வேலை செய்கிறார். குலேந்திரன் டாக்சி ஓட்டுகிறார். ஒஸ்லோவின் சந்துபொந்துகளை எல்லாம் அறிந்த ஒருவருக்கும், வேலைக்குப் போகும் ஒரே பாதையைத் தவிர வேறொன்றையும் அறியாத ஒருவருக்கும் இடையில் அமைந்த இல்லறம் அது. எங்கு போவதானாலும் குலேந்திரன் முன்னால் நடப்பார், யோகராணி பின்னால் வருவார். முன்னொரு முறை குடும்பமாகச் சென்னைக்குக் கூறைச் சேலை எடுக்கப் போய் வந்தபோது, என்ன பார்த்தீர்கள் என்று நான் கேட்டேன்.

"என்ரை மனிசன்ரை சேட்டுப் பின்பக்கம்" என்றார் யோகராணி. "நீலக் கோடு போட்டது. நல்ல சேட்டு."

அதனால்தான், இவ்வாண்டு ஆனி மாதம் திருச்சியில் நடக்கவிருந்த உறவுக்காரப் பெண்ணின் திருமணத்துக்கு ஐந்து நாள் முன்னதாகவே புறப்பட்டு, மதுரையில் தனியே தங்கப் போவதாக அவர் அறிவித்தபோது வீட்டில் எவரும் அதை நம்பவில்லை.

"ஆரோடை?" என்று கேட்டாள் யதுர்ஷா.

"ஒருத்தரோடையும் இல்லை."

"அம்மா, ஹெர்ரெகூட்!" என்றாள் மகள். 'கடவுளே' என்பதற்கு இங்கே பிறந்த பிள்ளைகள் பயன்படுத்தும் சொல் அது. "நீங்கள் எங்கடை செந்தருக்குள்ளையே துலையிறனீங்கள்."

"அதுக்குத்தான் போறன். துலைஞ்சாலும் நானாத் துலையவேணும். உங்கடை முதுகுக்குப் பின்னாலை நிண்டு துலையேலாது."

குலேந்திரன் தலையசைத்தார். அது சம்மதமா மறுப்பா என்பதை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.

மதுரையில் என்ன பார்ப்பது, என்ன செய்வது என்பதை அறிய அவர்களுக்கு ஒருவர் இருந்தார். முதலாம் மாடியில் வசிக்கும் பிரசாந், கணினி நிறுவனமொன்றில் பணியாற்றுபவர், மதுரைக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் யோகராணியின் உழுந்து வடைக்காக மேலே வருவார். அவர் பேசும் தமிழையும் இவர்கள் பேசும் தமிழையும் இரு தரப்பும் உள்ளுக்குள் ரசித்துச் சிரிப்பதுண்டு.

"மஹாலுக்குச் சாயங்காலம் போங்க ஆன்ட்டி, லைட் ஷோ இருக்கும். அந்தத் தூண் ஒண்ணக் கட்டிப்பிடிக்க மூணு பேர் வேணும். தெப்பக்குளத்துக்கும் சாயங்காலம்தான், காத்து வரும். காந்தி மியூசியம் காலைல. சுங்குடிச் சேலை கோயிலச் சுத்தியே கிடைக்கும், அங்கிட்டு இங்கிட்டு அலைய வேணாம். ஜிகர்தண்டா குடிக்காம வந்துறாதீங்க. ஆட்டோக்காரர்ட்ட மேற்குன்னு சொல்லாதீங்க, மேலன்னு சொல்லுங்க. மேல மாசி வீதி, கீழ மாசி வீதி."

"தம்பி, கோயிலுக்குள்ளை எவ்வளவு நேரம் நிக்கலாம்?"

"பன்னண்டரைக்கு நடை சாத்திருவாங்க. எல்லாரையும் வெளிய அனுப்பிருவாங்க. அப்புறம் நாலு மணிக்குத்தான். ஆனா ஒண்ணு ஆன்ட்டி. செருப்பும் போனும் வாசல்லயே குடுத்துரணும். உள்ள போன் விடமாட்டாங்க."

யதுர்ஷா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "போன் இல்லையோ? வழி பாக்கிற மாப்பும் இல்லையோ?"

"இல்லைங்க. நாலு பக்கமும் கோபுரம், நாலு பக்கமும் வாசல். எந்த வாசல்ல குடுத்தமோ அதே வாசல்ல வரணும். மாறி வந்தா வெறுங்கால்ல சுத்தணும். ஜூன் மாச மத்தியான வெயில்ல கல்லு தோசைக்கல்லு மாதிரி இருக்கும்."

மகளின் நிபந்தனை அங்கேதான் பிறந்தது. அம்மா போன் இல்லாமல், ஒருவரும் கூட வராமல், நான்கு வாசல் உள்ள ஓரிடத்துக்குள் போய், போன வாசலாலேயே திரும்பி வந்து காட்டவேண்டும். காட்டினால் மதுரைக்கு ரிக்கற் எடுக்கலாம். இல்லையென்றால் எல்லோரோடும் திருச்சிக்கு நேரே போய்த் திரும்புவது. யோகராணி ஒப்புக்கொண்டார். இடத்தைத் தேர்ந்தெடுத்து ஒழுங்குசெய்யும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. பல்கலைக்கழகத்தில் ஆவணவியல் படிப்பவருக்கு இது பொருத்தமான வேலை என்று யதுர்ஷா கருதியிருக்கலாம்.

யதுர்ஷா செந்தர் என்று சொன்ன, எங்கள் கட்டடத்துக்கு அருகிலுள்ள கடைத்தொகுதியையே தேர்ந்தேன். அதற்குப் பக்கத்துக்கு ஒன்றாக நான்கு வாசல்கள் இருக்கின்றன. நூலகத்தைப் பார்த்த வாசலைக் கிழக்குக் கோபுரம் என்றும், வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்த வாசலை வடக்குக் கோபுரம் என்றும் வரைபடத்தில் குறித்தேன். நடுவில் ஒரு பூக்கடை இருந்தது. அதன் விற்பனை மேசை நூலகப் பக்கத்தை நோக்கி அமைந்திருந்தது. பூ இருப்பதால் அதையே அம்மன் சந்நிதி என்று வைத்துக்கொண்டேன். வேறு காரணம் அப்போது எனக்கு இருக்கவில்லை.

முதல் ஒத்திகை மார்ச் தொடக்கத்தில், வெயில் அடித்த ஒரு சனிக்கிழமை மத்தியானம் நடந்தது. கிழக்கு வாசலில் யோகராணி சப்பாத்தைக் கழற்றி, போனோடு சேர்த்து மகளிடம் கொடுத்துவிட்டு, தடித்த கம்பளிச் சொக்ஸோடு உள்ளே போனார். சப்பாத்தைக் கழற்றத் தேவையில்லை என்று நான் சொன்னேன்.

"ஒத்திகை எண்டால் ஒழுங்காச் செய்யவேணும், பிள்ளை."

அவர் உள்ளே சுற்றிவிட்டு, தெற்கு வாசலால் வெளியே வந்தார். வந்தவர் ஒரு கணம் வானத்தைப் பார்த்தார். பிறகு தயக்கமே இல்லாமல் இடது பக்கம் திரும்பிக் கட்டடத்தைச் சுற்றி நடந்து, மகள் நின்ற வாசலை அடைந்தார். நம்பாத மகள் அவரை மீண்டும் உள்ளே அனுப்பினாள். இம்முறை மேற்கு வாசலால் வெளிப்பட்டு, அப்போதும் சரியாகவே வந்து சேர்ந்தார். குலேந்திரன் தன் டாக்சிக்குள் இருந்து இறங்கி வந்து மனைவியை ஒரு தடவை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"என்னண்டு?"

"வேலையிலை கண்டுபிடிச்சனான்" என்றார் யோகராணி. முதியோர் இல்லத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஒரு பக்கத்து அறைகளுக்கு மட்டும் யன்னல் சீலையை இழுத்து மூடவேண்டியிருக்கும். முகத்தில் வெயில் குத்துகிறது என்று அந்தப் பக்கத்து முதியவர்கள் முறையிடுவார்கள். அது தெற்குப் பக்கம். கோடையிலும் அதே பக்கம், மாரியிலும் அதே பக்கம். "மத்தியானத்திலை சூரியன் நிக்கிற பக்கம் தெற்கு. அதைப் பாத்துக்கொண்டு நிண்டால் இடக்கைப் பக்கம் கிழக்கு. அவ்வளவுதான்."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த நிறைவை நான் அதற்குமுன் கண்டதில்லை. மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, ரிக்கற் எடுப்பதென்று முடிவானது.

அன்று வடை இறங்கிக்கொண்டிருந்தபோது பிரசாந் வந்தார். நடந்ததைக் கேட்டுக் கைதட்டினார். இரண்டாவது வடையைப் பிட்டுக்கொண்டே, குறிப்பாக எதையும் உத்தேசிக்காதவராக, ஒரு வாக்கியம் சொன்னார்.

"ஆனா ஜூன் மாசம் மதுரைல எங்க வீட்டுல வடக்கு ஜன்னல்லதான ஆன்ட்டி வெயில் விழும்?"

யதுர்ஷா கையிலிருந்த வடையைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

"வடக்கோ?" என்றாள் யதுர்ஷா.

"ஆமா. அப்பா வடக்குப் பக்கம் ஓலைத் தட்டி கட்டுவாரு. மத்தியானம் சூரியன் உச்சிக்கு மேலதான் நிக்கும், கொஞ்சம் அங்கிட்டு வடக்க சாஞ்சு."

"சூரியன் வடக்கை போகாது, தம்பி" என்றார் யோகராணி. உறுதியாகத்தான் சொன்னார், ஆனால் கரண்டி எண்ணெய்க்கு மேலே நின்றுவிட்டது. "இஞ்சை ஒரு நாளும் போகேல்லை."

"இங்க போகாது ஆன்ட்டி. அங்க போகும்."

நான் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒஸ்லோவில் ஆண்டு முழுவதும் மத்தியானச் சூரியன் தெற்கிலேயே நிற்கும். மதுரையிலோ சித்திரை தொடங்கி ஆவணி வரை அது உச்சியைக் கடந்து வடக்கே சாய்ந்திருக்கும். ஆனி மாதத்தில் அவருடைய முறைப்படி சூரியனைப் பார்த்து நின்று இடது பக்கம் திரும்பினால் கிழக்கு வாசல் வராது. நேர் எதிரே மேற்கு வாசல்தான் வரும். என் வரைபடமும் ஒத்திகையும் இதைக் கருத்தில் கொள்ளவே இல்லை. பூமிக்கு ஒரு தோடம்பழத்தையும் சூரியனுக்கு மேசை விளக்கையும் வைத்து விளக்க முயன்றேன். தோடம்பழம் சுழலச் சுழல எல்லோருக்கும் குழப்பம் கூடியது.

"அப்ப தெற்கு எங்கை போகுது?" என்று கேட்டார் யோகராணி.

"தெற்கு எங்கையும் போகேல்லை" என்றார் குலேந்திரன். "நீர்தான் போறீர்."

"பகிடி விடாதேங்கோ. யாழ்ப்பாணத்திலையும் இப்பிடித்தானே இருந்திருக்கும்? நான் ஏன் காணேல்லை?"

"அங்கை நீர் எந்த மத்தியானம் வெளியிலை வந்தனீர்?"

அவர் அடுப்பை நிறுத்தினார். பல ஆண்டுகளாகத் திசை என்ற ஒன்றே இல்லாமல் வாழ்ந்த ஒருவர், தானாகவே கண்டெடுத்த ஒரே திசை அது. அதுவும் ஊருக்கு ஊர் மாறுமென்றால், பிடித்து நிற்க அவரிடம் வேறு எதுவும் இருக்கவில்லை. ரிக்கற் எடுக்கும் பேச்சு அன்று மீண்டும் எழவில்லை. ஆனால் மறுநாள் யோகராணியே மகளிடம் எனக்குச் சொல்லியனுப்பினார்: வெயில் இல்லாத ஒரு நாளில் இன்னுமொரு தடவை.

இரண்டாவது ஒத்திகை நாளன்று வானம் சாம்பல் நிறமாக, எந்தப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. ஈரப்பனி தூறிக்கொண்டிருந்தது. யோகராணி முன்போலவே சப்பாத்தையும் போனையும் கொடுத்துவிட்டுக் கிழக்கு வாசலால் உள்ளே போனார். நாங்கள் மூவரும் வாசலில் காத்திருந்தோம். நெடுநேரமாகியும் அவர் எந்தப் பக்கத்தாலும் வரவில்லை.

"ஸ்டோவ்னருக்குப் போட்டாபோலை" என்றார் குலேந்திரன். பகிடியாகச் சொல்லத் தொடங்கிய குரல், முடிக்கும்போது பகிடியாக இல்லை.

அடுத்து நடந்தவற்றை நான் நேரில் காணவில்லை. கடைத்தொகுதியின் காவலர் ஆன்ட்ரியாஸ் சொன்னதையும் யோகராணி சொன்னதையும் இணைத்தே எழுதுகிறேன். அவர் வடக்கு வாசலால் வெளிப்பட்டு, வாகனத் தரிப்பிடத்துப் பனியில் நனைந்த சொக்ஸோடு நின்றிருக்கிறார். ஆன்ட்ரியாஸ் அருகே சென்று, உதவி தேவையா, எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிகிறதா என்று நோர்வேஜிய மொழியில் கேட்டிருக்கிறார்.

"தெரியும்" என்று பதில் சொன்னாராம் யோகராணி. "நான் மதுரையில் நிற்கிறேன்."

முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர் என்ற முறையில், அந்தப் பதில் கேட்பவருக்கு எப்படித் தோன்றும் என்று அவர் அறியாதவரல்ல. அந்த நேரம் உண்மையாகவே வேறு பதில் வரவில்லை என்றார். ஆன்ட்ரியாஸ் தொலைபேசியை எடுத்து யாரையோ அழைக்கப் போயிருக்கிறார். யோகராணி அவர் கையைத் தடுத்து, "வெளியே நின்றால் எனக்கு ஒன்றும் தெரியாது, திரும்ப உள்ளே போகவேண்டும்" என்று சொல்லி, நேரே பூக்கடைக்குப் போயிருக்கிறார். அங்கே சிறிது நேரம் அசையாமல் நின்றாராம். பூக்கடைப் பெண் இரண்டு முறை என்ன வேண்டும் என்று கேட்டும் பதில் இல்லை.

கிழக்கு வாசலில் நின்ற நாங்கள் கண்டது பின்வருமாறு. தானியங்கிக் கண்ணாடிக் கதவு திறந்தது. முதலில் ஒரு முதுகு வந்தது. பிறகு ஈரமான கம்பளிச் சொக்ஸின் குதிகள். யோகராணி பின்பக்கமாக, ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து வெளியே வந்தார். அவர் எவர்மீதும் மோதிவிடாதபடி இரு கைகளையும் விரித்துக்கொண்டு காவலர் ஆன்ட்ரியாஸ் பக்கத்திலேயே வந்தார். கதவின் வாசற்படியைத் தாண்டியதும்தான் யோகராணி திரும்பினார்.

"அம்மா! என்ன செய்யிறீங்கள்?"

"சப்பாத்தைத் தா, கால் விறைச்சுப் போச்சு. இது கிழக்குத்தானே?"

"ஓம், கிழக்குத்தான். ஏன் பின்பக்கமா வாறீங்கள்?"

"அம்மனுக்கு முதுகு காட்டலாமே?"

கோயிலில் கும்பிட்டு முடித்து விலகும்போது சட்டெனத் திரும்பி முதுகு காட்டாமல், சந்நிதியைப் பார்த்தபடியே சில அடி பின்வாங்குவது எங்களிடையே உள்ள வழக்கம். யோகராணி அதில் சற்றும் குறை வைக்காதவர். அந்தச் சில அடிகளுக்குப் பிறகு எப்போது, எந்தப் பக்கம் திரும்புவது என்பதில்தான் ஒவ்வொரு கோயிலிலும் தன் வழி குழம்புகிறது என்பதை அன்று பூக்கடை முன்னால் நின்றபோதுதான் கண்டுபிடித்ததாகச் சொன்னார்.

"திரும்பாமலே வந்தால் குழம்பத் தேவையில்லை. அம்மன் பாக்கிற பக்கந்தானே நான் போக வேண்டிய பக்கம்."

"அது பூக்கடையப்பா" என்றார் குலேந்திரன்.

"இண்டைக்கு அம்மன்."

ஆன்ட்ரியாஸ் என்னைத் தனியே அழைத்து, அந்த அம்மாவுக்கு ஏதேனும் நோயா என்று கேட்டார். ஒத்திகை என்று விளக்கினேன். எதற்கான ஒத்திகை என்று கேட்டார். மதுரைக் கோயிலிலிருந்து வெளியேறுவதற்கு என்றேன். அவர் நீண்ட நேரம் யோசித்துவிட்டு, சரி என்றார். அவருக்கு விளங்கியது என்று நான் பதிவுசெய்ய மாட்டேன்.

பிரசாந்திடம் கேட்டோம். "பின்னாடியே நடந்து வர்றதெல்லாம் அந்தக் கூட்டத்துல முடியாது ஆன்ட்டி, மிதிச்சிருவாங்க. ஆனா மீனாட்சி கிழக்க பாத்துதான் இருக்கா, சாமியும் கிழக்க பாத்துதான். அது கரெக்ட்டு. ஜூனோ டிசம்பரோ, அது மாறாது."

யதுர்ஷா ரிக்கற் எடுத்தாள். வென்றாரா தோற்றாரா என்பதில் வீட்டில் இன்றும் ஒருமித்த முடிவு இல்லை. எந்த வாசலால் போனாரோ அதே வாசலால் வந்தார் என்பது உண்மை. நடுவில் ஒரு காவலர் தேவைப்பட்டார் என்பதும் உண்மை.

ஆனி மாதத்தில் யோகராணி தனியே புறப்பட்டார். மதுரையில் அவருடைய முதல் முழு நாளன்று எல்லோரும் குலேந்திரன் வீட்டு மேசையைச் சுற்றிக் காத்திருந்தோம். காலையில் கோயிலுக்குப் போவதாகச் செய்தி அனுப்பியவர், மதுரை நேரப்படி மாலையாகியும் அழைக்கவில்லை. யதுர்ஷா அடுத்த நாள் விமானங்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். கடைசியில் போன் அடித்தது. அது எல்லோருக்கும் குரல் கேட்கும்படி மேசையில் வைக்கப்பட்டது.

"அம்மா, எங்கை நிண்டனீங்கள்? வாசலாலை ஒழுங்கா வந்தனீங்களோ?"

"ஓம். அம்மன் பாக்கிற பக்கமாத்தான் வந்தனான். ஒரு பிசகும் இல்லை. நேரே கிழக்கு வாசல்."

குலேந்திரன் மேசையில் தட்டினார். "பாத்தியளோ!"

"ஆனால் செருப்பு அங்கை இல்லை."

"ஏன்?"

"நான் அங்கை விடேல்லையாம். ஓட்டோக்காரத் தம்பி இறக்கிவிட்ட வாசலைக் கிழக்கெண்டு நினைச்சிட்டன். செருப்புக்குத் தந்த துண்டைக் காட்டினால், இது இந்த வாசல் இல்லம்மா, சுத்திப் போங்கண்டு சொல்லுறாங்கள். மத்தியானம். கல்லுச் சுடுது, உயிர் போகுது. வெள்ளை பூசின கோடு ஒண்டு இருக்கு, அதிலை காலை வைச்சுக் குனிஞ்சுகொண்டே ஓடினனான். குனிஞ்சபடியாலை வாசல் எல்லாத்தையும் விட்டிட்டன்போலை. நிமிந்து பாத்தால் திரும்பக் கிழக்கு."

பிரசாந் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஒரு கடைக்காரி வந்து என்ரை காலுக்குத் தண்ணி ஊத்தினவள். வலம் வாற ஆக்களுக்கு ஊத்திறதாம். என்ன நேர்த்தியம்மா எண்டு கேட்டாள். நான் என்னத்தைச் சொல்ல? செருப்பைத் தேடுறன் எண்டு சொல்ல வாய் வரேல்லை. பேசாமல் இன்னொருக்காச் சுத்தினனான்."

"இப்ப செருப்பு இருக்கோ?"

"இருக்கு, இருக்கு."

"எந்த வாசலிலை இருந்தது?" என்று நான் கேட்டேன். வரைபடம் என் முன்னால் விரிந்திருந்தது.

மறுபக்கத்தில் யோசிக்கும் ஓசை கேட்டது. வாகனங்களின் ஒலியும், யாரோ பூ விற்கும் குரலும் அதனூடே வந்தன.

"அம்மன் பாக்காத பக்கம் ஒண்டு, பிள்ளை."

"அது மூண்டு பக்கம் இருக்குதே, அன்ரி."

"ஓம். அதிலை ஒண்டு."

தெற்கு என்றார் பிரசாந், ஓட்டோக்காரர்கள் அங்குதான் இறக்குவார்கள் என்று. மேற்குத்தான் என்று குலேந்திரன் வாதிட்டார். யதுர்ஷா இரண்டையும் காதில் வாங்காமல் போனருகே குனிந்தாள்.

"அம்மா, நான் நாளைக்கே வாறன். பிளைட் இருக்கு."

"வராதை." குரல் சட்டென்று அருகே வந்ததுபோல் இருந்தது. "நாளைக்கு எனக்கு நேரமில்லை. தெப்பக்குளம் இருக்கு, மியூசியம் இருக்கு. இப்ப மஹாலுக்கு வெளிக்கிடுறன், வெளிச்சம் போடுற நேரமாகுது. கீழை ஓட்டோ நிக்குது."

"மஹால் எந்தப் பக்கம் எண்டு தெரியுமோ உமக்கு?" என்று கேட்டார் குலேந்திரன்.

"தெரியாது" என்றார் யோகராணி. "இஞ்சை கேட்டால் எல்லாரும் சொல்லுவினம். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பக்கம் காட்டுவினம். வைக்கிறன்."

யதுர்ஷா விமானங்களின் பக்கத்தை மூடினாள். குலேந்திரன் தன் நீலக் கோட்டுச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சற்றுப் பொறுத்து, மஹால் கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று பிரசாந்திடம் தணிந்த குரலில் கேட்டார். வரைபடத்தில் செருப்பு விட்ட வாசலைக் குறிப்பதற்கு நான் ஒதுக்கியிருந்த வட்டம் இன்னும் நிரப்பப்படவில்லை.